தபால் பையும் வீரப் பதக்கமும்

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் நடுவில், 1863ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி மாலை, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குக் காவலாக நின்ற வாக்னர் கோட்டையின்மீது கறுப்பின வீரர்களைக் கொண்ட மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவு பாய்ந்தது. கொடி பிடித்தவன் குண்டுபட்டுச் சாய, அதைத் தாவிப் பற்றி, மதிலின்மேல் நாட்டி, உடம்பில் பல இடங்களில் காயம் பட்ட பிறகும் தரையில் படவிடாமல் தம்மவரிடம் கொண்டுவந்து சேர்த்த வில்லியம் கார்னி என்னும் வீரரைச் சரித்திரம் நன்றாக அறியும். அதே மனிதர் பிற்பாடு 32 ஆண்டுகள் நியூ பெட்ஃபோர்ட் நகரத்தில் தபால்காரராக வீடு வீடாக நடந்தார் என்பதையோ அது ஒரே வரியில் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறது. அந்த யுத்தம் எதற்காக நடந்ததோ, அதன் பயன் கனிந்தது அந்த 32 ஆண்டுகளில்தான் என்பது என் அபிப்பிராயம்.

கார்னி 1840இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் அடிமையாகப் பிறந்தார். எழுத்தறிவு அடிமைகளுக்கு விலக்கப்பட்டிருந்த அந்த ஊரில், பாதிரியார் ஒருவர் இரகசியமாக நடத்திய பள்ளியில் தமது பதினான்காம் வயதில் படிக்கப் போனார். வடக்கே நியூ பெட்ஃபோர்டில் குடியேறிய பின் தாமும் மதபோதகராக வேண்டுமென்று விரும்பியவர், கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கிறார்கள் என்ற செய்தி வந்ததும், அடிமைப்பட்ட சகோதரருக்குச் செய்யும் சேவையே தெய்வ சேவை என்று துணிந்து துப்பாக்கி ஏந்தினார். அப்படிச் சேர்ந்தவர்களுக்கு வெள்ளைச் சிப்பாய்களைப்போல் மாதம் 13 டாலர் தருவதாகச் சொல்லப்பட்டது. தர முன்வந்ததோ 10 டாலர்; அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்ததுபோக 7 டாலர்தான். குறைந்த அந்தக் கூலியைத் தொடமாட்டோம் என்று மறுத்ததோடு, மிச்சத்தை நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் ராஜ்யமே முன்வந்தபோதும், தங்களைச் சமமான சிப்பாய்களாக மத்திய சர்க்கார் ஒப்புக்கொள்ளாமல் வரும் பணம் வேண்டாம் என்று அந்தப் படைப்பிரிவினர் சம்பளமே இல்லாமல் போரிட்டார்கள். 1864இல் காங்கிரஸ் சபை இறங்கிவந்து சமச் சம்பளத்துக்குச் சட்டம் இயற்றியது. கார்னி தம் காயங்களின் காரணமாக அதே ஆண்டில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

இனித் தபாலுக்கு வருவோம். 1802ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஒரு சட்டம் இருந்தது: சுதந்திரமான வெள்ளையர் அல்லாத எவரும் தபாலைச் சுமந்து செல்லலாகாது. அன்றைய தபால் மந்திரி கிடியன் கிரேஞ்சர் அதற்குக் காட்டிய காரணம் கவனிக்கத் தக்கது. ஊர் ஊராகத் தபால் கொண்டுசெல்லும் கறுப்பன், நாலு பேரோடு பழகி, மனிதனுடைய உரிமைகள் அவன் தோலின் நிறத்தைப் பொறுத்தவை அல்ல என்று தெரிந்துகொள்வான், தெரிந்துகொண்டதைத் தன் இனத்தாருக்கும் போதிப்பான் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் நியாயமற்றது. ஆனால் தபால்காரனுடைய சக்தியை அவர் அளந்த அளவு சரியானது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த அந்தத் தடை யுத்தம் முடியும் தறுவாயில், 1865 மார்ச் மாதத்தில்தான் நீங்கியது.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1869இல், இரகசியப் பள்ளியில் எழுத்துப் படித்த கார்னி, நியூ பெட்ஃபோர்டின் முதல் தபால்காரர்கள் நால்வருள் ஒருவராக நியமிக்கப்பட்டார். நகரங்களில் வீட்டு வாசலுக்கே கடிதத்தைக் கொண்டுபோய்த் தரும் முறை அமெரிக்காவில் தொடங்கியது 1863 ஜூலை முதல் தேதி, வாக்னர் கோட்டைத் தாக்குதலுக்குச் சில நாட்கள் முன்புதான். 1865இல் சூசன்னா என்பவரை மணந்து ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனான கார்னிக்கு, அடிமைகளின் விவாகத்தைச் சட்டமே அங்கீகரிக்காத தேசத்தில் பிறந்த அவருக்கு, நிலையான சம்பளமும், மாலையில் திரும்பி வந்து சேரச் சொந்தக் குடும்பமும் வாய்த்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். யுத்தத்திலிருந்து திரும்பிய பலர் அந்நாளில் தபால் பையை ஏற்றிருந்தார்கள். 1889இல் மில்வாக்கி நகரில் பழைய சிப்பாய்கள் கூடிய சமயத்தை ஒட்டியே தபால்காரர்களின் தேசிய சங்கமும் பிறந்தது. அதன் நியூ பெட்ஃபோர்ட் கிளையைத் தொடங்கியவர்களில் கார்னியும் ஒருவர். அதன் முதல் உபதலைவரும் அவரே.

தேசத்தின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவர் கைக்கு வந்தது 1900 மே மாதத்தில், அதாவது கொடியைக் காத்து ஏறக்குறைய 37 ஆண்டுகள் சென்ற பின். அந்தத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் போதாது. ஆயினும் பதக்கத்துக்கு முந்தி வந்த உத்தியோகமே, ஒரு காலத்தில் அவருடைய இனத்துக்குச் சட்டப்படி மறுக்கப்பட்ட அந்த உத்தியோகமே, மேலான சன்மானம் என்று நான் கருதுகிறேன். பதக்கம் அவருடைய ஒரு நாளைக் கௌரவித்தது. தபால் பை அவரைத் தினந்தோறும் பிரஜையாக்கியது.

1901இல் ஓய்வு பெற்ற பின் பாஸ்டனில் ராஜ்ய மாளிகையில் சேவகராக வேலை பார்த்த கார்னி, அங்கே லிஃப்ட் விபத்தில் கால் நசுங்கி 1908 டிசம்பரில் காலமானார். சாமான்யர்களுக்குச் செய்யாத மரியாதையாக அம்மாளிகையின் கொடி அவருக்காக அரைக்கம்பத்தில் பறந்தது. அவருடைய சரித்திரத்தைக் குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் வாக்னர் கோட்டைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், நியூ பெட்ஃபோர்ட் தெருக்களுக்கும் ஒரு பக்கம் தவறாமல் ஒதுக்க வேண்டும்.