வாசல் திறக்காத பாஸ்போர்ட்

வழங்கிய நாடே வாசலை அடைத்துக்கொண்டால் பாஸ்போர்ட்டுக்கு என்ன மதிப்பு? காலனி அரசுகள் வழங்கிய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகளுக்கு 1962ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேற்றுமையை நிலைநிறுத்தியது. ஜிப்ரால்டர் மக்களுக்கு அச்சட்டத்திலேயே விலக்கு. ஃபாக்லாந்து மக்களுக்கு 1983இல் முழுக் குடியுரிமை. நம் காயல்பட்டினத்தார் வணிகம் செய்துவரும் ஹாங்காங்கில் பிறந்து, அதே அரசியாரின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த இந்திய வம்சாவளியினருக்கோ அந்த உரிமை மறுக்கப்பட்டது! 1997 ஜூலையில் ஹாங்காங் சீனாவின் கைக்கு மாறவிருந்தது. வேறு குடியுரிமை அற்ற அவர்களுக்கு அவ்வாண்டு மார்ச்சில்தான் சட்டம் வழிவிட்டது.

கடைசி நேரத்தில் கொடுத்ததை நாம் கருணை என்று புகழ மாட்டோம். தாமதித்த நீதி என்றே சொல்வோம். ஆளும்போது நம் குடிகள் என்றவர்கள், வாசலில் வந்து நின்றால் 'நீ யார்?' எனக் கேட்பது எந்த அறம்?