காசம்பட்டிக் காடும் ஒரு கட்டிடமும்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் நினைவுக்கு வருகின்றன, காடு வருவதில்லை. காடு பார்க்கக் கொடைக்கானலுக்குத்தான் ஏறவேண்டும் என்று சமவெளிக்காரர்களாகிய நாமே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டி, ரெட்டியபட்டி ஊராட்சியைச் சேர்ந்த காசம்பட்டியில், வீரகோவிலைச் சூழ்ந்து 4.97 எக்டேரில் ஒரு கோயிற்காடு நிற்கிறது. 2025 மார்ச்சில் தமிழக அரசு அதனைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு (2022) அடுத்து, மாநிலத்தில் இரண்டாவது தலம் இதுவே.

அறிவிப்பை வரவேற்கிறோம், சற்றுத் தயக்கத்துடன்.

இயற்கை மையம் என்று இன்று நாம் சொல்வது கட்டிடம், கண்ணாடிப் பெட்டி, வழிகாட்டி ஆகியவற்றோடு வருவது. கோயிற்காட்டுக்கு அவை எவையும் இல்லை. சாமிக்குரிய மரத்தில் கைவைக்கலாகாது என்ற ஊர்க்கட்டுப்பாடு ஒன்றே அதன் நிர்வாகம். சங்கப் பாடல்களின் காவல்மரத்தை வகுப்பில் விளக்கும்போது, ஒரு மரத்துக்காகவா இத்தனை மானப்பிரச்சினை என்று மாணவர் கேட்பதுண்டு. முன்பெல்லாம் உரையாசிரியர்களைத் துணைக்கு அழைப்போம். இப்போது அரிட்டாபட்டியைச் சொல்கிறோம். 2024 நவம்பரில் முடிவான டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில், பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட நிலத்தின் பகுதியும் அடங்கியிருந்தது. முந்தைய அறிவிப்பு அதைத் தடுக்கவில்லை. சட்டமன்றம் தீர்மானம் போட்டு, மேலூர் வட்டார மக்கள் மதுரை நோக்கித் திரண்டு நடந்த பின்னரே, 2025 சனவரியில், மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

காசம்பட்டிக்குச் சுரங்கம் வரும் என்று சொல்லவரவில்லை. நம் அச்சம் சிறியது, அதனாலேயே கவனிக்கப்படாமல் போகக்கூடியது. சாமி வெட்டவெளிப் பீடத்தில் இருந்தவரை காட்டின் நிழலே அதற்குக் கூரை. மண்டபமும் சிமெண்டுத் தளமும் வண்டி நிறுத்துமிடமும் வரும்போது முதலில் சாய்வது மரம். கோயிற்காடுகள் பல இடங்களில் சுருங்கியது இப்படித்தான். இனி பார்வையாளருக்கென ஒரு நடைபாதை, ஒரு தகவல் மையம் என்று நல்லெண்ணத்தோடும் நிதியோடும் யாரேனும் வரலாம். ஐந்து எக்டேர்கூட இல்லாத காட்டில் அதற்கு ஏது இடம்?

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, உள்ளாட்சியைக் கலந்தே இத்தகைய தலத்தை அறிவிக்கச் சொல்கிறது. ஊரார் தாமாக ஏற்பவை தவிர அவர்களது வழக்கங்களுக்குப் புதுத் தடை கூடாது என்பது வழிகாட்டு நெறி. இது அதிகம் பேசப்படாதது வியப்பு. அதே சட்டம் ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் கேட்கிறது. மையம் ஒன்று வேண்டுமென்றால் ஊர்ப் பள்ளியின் ஓர் அறை போதும். அதில் அந்தப் பதிவேடு இருக்கட்டும். தாவரவியல் பெயர்களை அறிஞர்கள் எழுதிவிடுவர். ஒரே கொடிக்கு அக்கரையூரில் ஒரு பெயரும் இக்கரையில் வேறொன்றும் இருக்குமே, அவற்றை யார் எழுதுவது? தமிழ் படிக்கும் நம் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான களப்பணி தெரியவில்லை. ஊராரின் இசைவு கிடைத்தால், மழைக்காலம் முடிந்ததும் முதற்குழுவை அனுப்ப எண்ணியிருக்கிறோம்.