மூழ்குவோர் இருவர்

ஆழ்வார்திருநகரியை அணைந்து கிழக்கே செல்லும் பொருநை கடல்சேரும் இடத்தில் பண்டு விளங்கியது கொற்கை. அதன் முத்துக்குளிப்பைக் கிரேக்க நூலாகிய பெரிப்புளூசும் குறிக்கின்றது.

இந்நாளிற் செல்வர் பலர் மாலத்தீவு சென்று, காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து, பவளப்பாறை கண்டு களித்து மீள்கின்றனர். அதனை யாம் இகழோம். ஆயின், காற்றுருளை இன்றியே, கல்லிற் காலூன்றி, மூச்சடக்கி, முத்துப்பாரில் இறங்கிய தூத்துக்குடிக் குளியாளிகளை மறத்தல் தகுமோ? 1961ஆம் ஆண்டோடு ஆண்டு முத்துக்குளிப்பு ஓய்ந்தது; சங்குகுளிப்போரோ இன்றும் இடருற்றே மூழ்குகின்றனர். செல்வர்க்குக் கடல் களிப்பு. இவர்க்கு அது கூலி.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் கடற்பூங்காவாக்கினர். அவற்றின் பவளத்தைக் காக்கும் பணியில் முதலிடம் இக்குளியாளிகட்கே உரியது. நல்ல மூழ்குகருவியும் பயிற்சியும் இவர்க்கு அளித்தல் அரசின் கடன். களிப்போர்க்குள்ள காப்பு உழைப்போர்க்கு இல்லையெனின், அது நமக்கு நாணன்றோ?