வெந்நி போட சிங்கப்பூருக்குப் போன் பேசணுமா?



நம் வீடுகளுக்குப் புதுச் சாமான் எது வந்தாலும் அதைப் பழகிக்கொள்ள நாம் என்றைக்கும் தயங்கியதில்லை. அம்மியிலிருந்து மிக்ஸிக்கு மாறினோம். ஆட்டுரலிலிருந்து கிரைண்டருக்கு மாறினோம். விறகடுப்பை விட்டு கேஸ் அடுப்புக்கு வந்தோம். இதற்கெல்லாம் யாரும் நமக்கு வகுப்பு எடுக்கவில்லை. நாலு நாள் கையை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அப்படிப்பட்ட நம்மையே இப்போது ஒரு சாமான் திகைத்து நிற்க வைக்கிறது. குளியலறைச் சுவரில் கண்ணாடி போலப் பளபளக்கும், வெந்நீர் ஹீட்டரின் தொடுதிரையைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ராயகிரி, தென்காசி மாவட்டத்தில் மலைக்குக் கிழக்கே இருக்கும் சின்ன ஊர். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் இந்தப் பக்கமும் காற்றும் மேகமுமாக இருக்கும். மார்கழி, தை மாதத்து விடியற்காலைக் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வயதானவர்களும், கைக்குழந்தை உள்ளவர்களும், பிள்ளை பெற்ற உடம்புக்காரிகளும் இருக்கும் வீட்டில் வெந்நீர் ஆடம்பரம் இல்லை. அது தினப்படித் தேவை.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி. பிள்ளைகள் எல்லாம் வெளியூர், வெளிநாடு. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டைப் புதுப்பித்து, குளியலறையில் தொடுதிரை வைத்த ஹீட்டரும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். போனிலேயே அதை இயக்கலாமாம். விடிகாலை நாலரை மணிக்கு ஆச்சி எழுந்தால், அங்கே ஏழு மணி. "எய்யா, வெந்நி போடணும், அந்தக் கண்ணாடியத் தட்டி விடு" என்று மகனுக்குப் போன் பேசுவார். மகன் அங்கிருந்தே தட்டுவார், இங்கே தண்ணீர் சுடும். கேட்பவர்கள் எல்லாரும், "அடேயப்பா, விஞ்ஞானம் எங்கே போயிட்டு பாத்தியளா!" என்று வாயைப் பிளக்கிறார்கள். எனக்கோ அதைக் கேட்டு வருத்தம்தான் வந்தது. அறுபது வருஷமாக வீட்டுக்கே வெந்நீர் காய்ச்சிக் கொடுத்த கை, இன்று ஒரு வாளி வெந்நீருக்குக் கடல் தாண்டி ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே! மகன் வேலையாக இருந்தாலோ, சிக்னல் இல்லாவிட்டாலோ அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

பழைய செம்பு பாய்லர் பலருக்கு நினைவிருக்கும். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரியோ சிரட்டையோ போட்டு நெருப்பு மூட்டுவோம். சுற்றிலும் தண்ணீர். மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் குழாயில் வெந்நீர் வரும். பாய்லரை லேசாகத் தொட்டாலே சூடு எவ்வளவு என்று கைக்குத் தெரியும். பிறகு கம்பி ஹீட்டர் வந்தது. அதற்கு ஒரே ஒரு சுவிட்ச். அடுத்து வந்த சாதா ஹீட்டரில் திருகுகிற குமிழ் ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று. விளக்கு எரிந்தால் சுடுகிறது, அணைந்தால் சுட்டுவிட்டது. எழுத்தே தெரியாதவர்கள்கூட இவை மூன்றையும் தயங்காமல் கையாண்டார்கள்.

இப்போது வரும் திரையில் என்ன இருக்கிறது? ஒரு வட்டத்துக்குள் கோடு, ஓர் இலை, ஒரு கடிகாரம், ஒரு பூட்டு, விசிறி மாதிரி மூன்று வளைவு. எழுத்து இருந்தால் அது இங்கிலீஷ். ஒரு குறியைத் தொட்டால் ஒன்று நடக்கும், அதையே மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் வேறொன்று நடக்கும். பூட்டு விழுந்துவிட்டால் எதைத் தொட்டாலும் 'பீப்' என்று சத்தம் மட்டும்தான். கம்பெனிக்குக் கம்பெனி குறி வேறு. அக்கா வீட்டில் பழகியது தங்கை வீட்டில் உதவாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் திரை, விரலில் உள்ள மின்சாரத் தன்மையை உணர்ந்து வேலை செய்வது. கண்ணாடி மேல் தண்ணீர்த் துளி இருந்தால் அதையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும், அல்லது விரலையே உணராமல் போகும். குளியலறையில் ஈரக் கை இல்லாமல் வேறென்ன கை இருக்கும்? மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போகும் பெரியவர்களுக்கு, திரையில் மினுங்கும் எண் எப்படித் தெரியும்? தடவிப் பார்த்தால் விரலுக்கு அகப்படக்கூட அதில் மேடு பள்ளம் கிடையாது.

"ஏதோ ஒரு பட்டன் சமாசாரம், இதுக்கு ஒரு கடுதாசியா?" என்று சிலர் நினைக்கலாம். இதில் நம் காசும் இருக்கிறது, குழந்தைகளின் உடம்பும் இருக்கிறது.

முதலில் காசு. 2,000 வாட்ஸ் ஹீட்டர் அரை மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 20 நிமிடம் போதும். தினம் அரை மணி நேரம் எரிந்தாலே இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் ஆகிவிடுகிறது. நம் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அறிவித்தார்கள். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு சாமானுக்கே போய்விடும் என்பது கணக்கு. திரையில் எதையோ தொட்டு, நாள் முழுவதும் சூடாகவே வைத்திருக்கும்படி ஆகிவிட்டால், தண்ணீர் ஆற ஆற ஹீட்டர் தானே எரிந்துகொண்டிருக்கும். பில் வந்த பிறகு, "என்னத்த எரிச்சே இவ்வளவு?" என்ற கேள்வி மட்டும் நம்மிடம்தான் வரும்.

அடுத்தது குழந்தைகள். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்கள் தோலையே சுமார் 5 விநாடியில் பொசுக்கிவிடும். 50 டிகிரி என்றால் அதற்குச் சில நிமிடம் ஆகும். குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது. திரையில் 50 இருக்கிறதா, 70 இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது, குளிப்பாட்டுகிற தாய்க்கும் பாட்டிக்கும் எவ்வளவு முக்கியம்!

தொடுதிரையால் பெரிய பெரிய இடங்களிலேயே தடுமாறியிருக்கிறார்கள் என்பதைச் சொன்னால் வியப்பாக இருக்கும். 2017 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'ஜான் எஸ். மெக்கெயின்' என்ற போர்க்கப்பல், சிங்கப்பூர் அருகே ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்துபோனார்கள். கப்பலை ஓட்டும் தொடுதிரையில் ஏற்பட்ட குழப்பமும், அதில் போதிய பயிற்சி இல்லாததும் முக்கியக் காரணங்கள் என்று விசாரணையில் தெரிந்தது. 2019-இல் அந்தக் கடற்படை, திரையை விட்டுக் கையால் பிடித்துத் தள்ளும் பழைய நெம்புகோலுக்கே திரும்புவதாக அறிவித்தது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பாவின் 'யூரோ என்கேப்' அமைப்பும், ஹாரன், வைப்பர் போன்ற சில முக்கிய வேலைகளுக்கு நிஜமான பட்டனோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026 முதல் விதி வைத்திருக்கிறது. பயிற்சி பெற்ற மாலுமிகளே தடுமாறும்போது, சோப்பு நுரையோடு நிற்கும் நாம் தடுமாறுவது நம் குறையா என்ன?

"இதெல்லாம் படிச்சுக்கிட்டா வந்துடும், பொம்பளைங்களுக்கு மெஷின்னா பயம்" என்று சொல்வார்கள். பயம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாமா? கடைக்குப் போய்த் தேர்ந்தெடுப்பது வீட்டு ஆண்கள். மாட்ட வருகிற பையன் விளக்கிச் சொல்வதும் அவர்களிடமே. நாம் அந்நேரம் அடுக்களையில் அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டிருப்போம். போகும்போது "எல்லாம் சார்ட்ட சொல்லிட்டேன்க்கா" என்பார். சார் காலையில் வேலைக்குப் போய்விடுவார். தினமும் அதோடு மல்லுக்கட்டுவது நாம்தான். கூடவே கொடுக்கும் கையேட்டிலோ ஒரு வரித் தமிழ் இருக்காது.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். பெட்டியில் அடைத்து விற்கும் பொருள்களுக்கான 2011-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிப்படி, பெட்டி மேல் போட வேண்டிய விவரங்கள் இந்தியிலோ இங்கிலீஷிலோ இருந்தால் போதும். மற்ற மொழி விருப்பம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதனால் தமிழே இல்லாமல் விற்றாலும் தப்பில்லை என்றாகிவிடுகிறது. ஆனால் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. ஆபத்து வராமல் எப்படி உபயோகிப்பது என்று போதுமான விளக்கமோ எச்சரிக்கையோ தராமல் விற்று, அதனால் தீங்கு நேர்ந்தால், தயாரித்தவர் பொறுப்பேற்க வேண்டும். வாங்குகிறவருக்குப் புரியாத மொழியில் இருப்பதைப் 'போதுமான விளக்கம்' என்று எப்படி ஏற்பது? பணம் எடுக்கும் ஏ.டி.எம். இயந்திரம் தமிழில் கேட்கிறது. செல்போனில் தமிழ் வருகிறது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் ஹீட்டரில் மட்டும் ஏன் வரக்கூடாது?

ஆகவே கம்பெனிக்காரர்களுக்கு நம் கோரிக்கை மூன்று. திரை வைத்தாலும் சரி, கூடவே ஒரு திருகுகுமிழ் வையுங்கள். தமிழ்நாட்டில் விற்பதற்குத் தமிழில் கையேடு கொடுங்கள். மாட்ட வரும் ஆளிடம், வீட்டுப் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்லுங்கள். அரசாங்கமும் அந்தப் பழைய விதியைத் திருத்தி, அந்தந்த மாநில மொழியைக் கட்டாயமாக்க வேண்டும்.

அது நடக்கும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். தோழியருக்குச் சில யோசனைகள்:

வாங்கப் போகும்போது நாமும் கடைக்குப் போவோம். "குமிழ் வச்சது இருக்கா?" என்று வாய்விட்டுக் கேட்போம். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மாட்டுகிற அன்று, நம் கையாலேயே மூன்று வேலையைச் செய்து பார்த்துவிட வேண்டும். சூட்டைக் கூட்டிக் குறைப்பது, நேரம் வைப்பது, பூட்டு விழுந்தால் எடுப்பது. மற்றதெல்லாம் மெல்லத் தெரிந்துகொள்ளலாம்.

எந்தக் குறி எதற்கு என்று ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் பெரிதாக எழுதி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் அழகாக எழுதித் தரும்.

திரையில் 'ஆஃப்' என்று தொடுவது அதைத் தூங்க வைப்பது மாதிரிதான். முழுதாக நிறுத்துவது சுவரில் உள்ள சுவிட்ச் ஒன்றே. குளிக்கப் போகுமுன் அந்தச் சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது. சில மாடல்களில் கரண்ட் போய் வந்தால் வைத்த நேரம் அழிந்துவிடும். அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போய்விட்டுப் பல நாள் கழித்துத் திரும்பினால், தொட்டியில் தேங்கிய தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடேற்றி, ஆட்கள் இல்லாதபோது திறந்துவிட்டு, பிறகு உபயோகியுங்கள். வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் 'லெஜியோனெல்லா' என்ற கிருமி வளரக்கூடும். குழந்தைக்கு எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, அதில் வெந்நீரைக் கலந்து, முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். திரையில் எந்த எண் இருந்தாலும் முழங்கை பொய் சொல்லாது.

தப்பாகத் தொட்டால் வெடித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். தொட்டி வைத்த ஹீட்டருக்குள், அளவுக்கு மேல் சூடானால் கரண்டை நிறுத்தும் கருவியும், அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வும் தனியாக இருக்கின்றன. அவை சரியாக இருக்கின்றனவா என்று வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கை வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

விளக்கம் தராமல் விற்றவர்கள் பதில் சொல்லாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவுக்கு வசதி செய்து கொடுக்க நினைக்கிறீர்கள், உங்கள் மனசு தங்கம். ஆனால் போனில் தட்டிக் கொடுப்பதைவிட, ஊருக்கு வரும்போது அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துப் பழக்கிக் கொடுங்கள். அது அவருக்குப் பிடிபடாது என்று தோன்றினால், குமிழ் வைத்த சாதா ஹீட்டரையே வாங்கிக் கொடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வரும் சாமான் நமக்கு அடங்கி நடக்க வேண்டும், நாம் அதற்கு அடங்கி நடக்கக் கூடாது என்பதே என் கருத்து. தோழியர் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்களேன்!

- ஓர் இல்லத்தரசி,
ராயகிரி, தென்காசி மாவட்டம்.