எதிர்நீச்சலும் எண்ணாகமமும்



சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். போதகரிடம் அதைச் சொல்லத் தயங்குவீர்கள். தயங்க வேண்டாம். கணவர் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போய்விட, பகல் முழுவதையும் தறிச் சத்தத்தில் கழித்த திருச்செங்கோட்டுப் பெண் ஒருத்தி, இரவில் அரைமணி நேரம் ஒரு கதையின்முன் அமருவதைப் பாவப்பட்டியலில் சேர்க்க நான் ஆயத்தமாயில்லை. அந்தக் கதையின்மேல் அவளுக்குப் பின்னாளில் உண்டான கசப்பைக் குறித்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

மதுரையில் ஆதி குணசேகரன் என்பவருடைய வீடு. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து, அவர்களுடைய படிப்பை அடுப்படிக்குள் பூட்டிவைக்கும் வீடு. இயக்கியவர் திருச்செல்வம், 2003 முதல் 2009 வரை 1,533 பகுதிகள் ஓடிய ‘கோலங்கள்’ தொடரை அளித்தவரும் அவரே. குணசேகரனாக ஜி. மாரிமுத்து நடித்தார். அவருடைய அதட்டலைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. இது என் மாமனார் குரல் என்று மௌனமானவர்களும் உண்டு. இந்த மருமகள்கள் ஒருநாள் படி தாண்டுவார்கள் என்பதே கதை தந்த வாக்குறுதி.

2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்காகக் குரல் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஏற்பட்ட மாரடைப்பால் மாரிமுத்து மரித்தார். எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். பழைய சுவை போயிற்று என்றார்கள். 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடியும் ஆரம்பமாயிற்று.

நடிகர் மாறியதால் வந்த சலிப்பு என்பது பாதி உண்மை. (புதிய போதகரைச் சபையார் முதல் ஆறு மாதம் யாரோடு ஒப்பிடுவார்கள் என்பதை அறிந்தவனாதலால், வேல ராமமூர்த்தி அவர்கள்மேல் எனக்கு இரக்கமே உண்டு.) மற்றப் பாதியை ஒரு சகோதரி என்னிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: “ஐயா, அவங்க வாசல் வரைக்கும் வர்றாங்க, திரும்ப உள்ளே போயிடறாங்க.” அப்பத்தாவின் நாற்பது சதவீதப் பங்கு இப்போது கைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்று எத்தனை மாதங்கள் காத்திருந்தார்கள்! தொலைக்காட்சித் தொடரின் பிழைப்பு அப்படி. வாரத்திற்கு ஆறு நாள் கதை வேண்டும்; வாரந்தோறும் டி.ஆர்.பி. எண் வரும், எண் உள்ளவரை விளம்பரம் உண்டு. அந்தப் பெண்கள் விடுதலையானால் கதை முடிந்துபோம். ஆகையால் அவர்களுடைய சிறை காக்கப்படவேண்டியதாயிருக்கிறது. ரசிகர் இதைக் கணக்குப் போட்டு அறிவதில்லை. ஆனாலும் மனம் அறிந்துவிடுகிறது. அந்தக் கசப்பை நான் நியாயமானது என்றே எண்ணுகிறேன்.

இனி எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள், ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்திற்கும் முன்பாக வந்து நின்று, மரித்த தகப்பனின் பங்கைக் கேட்கிறார்கள். மோசே அவர்களுக்குப் பொறுமையைக் குறித்துப் பிரசங்கிக்கவில்லை. வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் கேட்பது சரியே என்று பதில் வருகிறது. எல்லாம் பதினொரு வசனங்களில். பின்பு மோசே மரித்து யோசுவா வருகிறார்; தலைவர் மாறியும் வாக்கு மாறவில்லை. யோசுவா 17-இல் அந்தப் பெண்கள் வந்து நினைப்பூட்டுகிறார்கள், பங்கு கைக்கு வருகிறது.

நம் வீடுகளுக்கு வருவோம். உயில் எழுதாமல் மரித்த தகப்பனின் சொத்தில், மனைவிக்குரிய மூன்றில் ஒரு பங்கு போக, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமின்றிச் சமம் என்கிறது கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். வழக்கமோ வேறு. அடக்கம் முடிந்து ஒரு மாதத்திற்குள் தங்கைக்குத் தொலைபேசி வருகிறது: சார்பதிவாளர் அலுவலகத்திற்கு வா, விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து. நகை போட்டோம், சீர் செய்தோம் என்பார்கள். அவள் தயங்கினால் ஜெபக்குழு வரும். சமாதானம் முக்கியம் அம்மா, பொறுத்திரு, கர்த்தர் வேறு வழியில் ஆசீர்வதிப்பார் என்று சொல்லும். ஆணும் பெண்ணும் பாதிப் பாதியாய் ஓருருவில் நிற்கும் மலைக்கோயிலின் நிழலில் வாழும் ஊர் இது. அந்தச் சமயத்தார் தங்கள் மலையைக் குறித்து யோசிக்கட்டும். நாம் நம்முடைய வேதத்தைக் குறித்து யோசிக்கவேண்டும்.

குணசேகரனின் வீட்டுப் பெண்களுக்காக வருத்தப்பட்ட அதே மனம், சொந்த நாத்தனாரின் பங்கு என்று வரும்போது எங்கே போகிறது? இதை ஆண்களிடம் மாத்திரம் நான் கேட்கவில்லை.

இந்த மாதத்தில் உங்களில் எவருக்காவது அப்படிப்பட்ட தொலைபேசி வந்திருந்தால், கையெழுத்திடுமுன் எண்ணாகமம் 27-ஐ வாசியுங்கள். கையெழுத்துக் கேட்கிற அண்ணனும் வாசிக்கட்டும். ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள், அது அவிசுவாசமல்ல. அந்த ஐந்து பெண்களின் திருமணத்திற்கு விதிக்கப்பட்ட நிபந்தனையைக் குறித்துச் சிலர் கேட்பீர்கள். அது 36-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் அதைத் தியானிப்போம்.