வீடு விற்றால்தான் கூலியா?

பழைய வீடுகளை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு இலாபத்துக்கு விற்பது நம்மவருள் பலருக்கு இன்று ஒரு தொழிலாகிவிட்டது. பாகம் பிரிக்க இயலாமல் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டைப் பணமுடையவர் ஒருவர் வாரிசுகளிடமிருந்து வாங்குகிறார், வேலையை ஒரு மேஸ்திரியிடம் ஒப்படைக்கிறார், முடிந்ததும் விற்கிறார். தொழில் ஆகுமானதுதான். அதைக் குறைகூற நான் வரவில்லை. என் வழக்கெல்லாம் அத்தொழிலுக்குள் நுழைந்து சட்டம்போல் நிலைத்துவிட்ட ஒரு வாசகத்தின் மீதுதான்: “வீடு விற்றதும் பாக்கியைத் தருகிறேன்.”

இதனைச் சொல்பவர் முதலாளி. கேட்டுக்கொண்டு நிற்பவர் ஒப்பந்தக்காரர். அவருக்குப் பின்னால் கொத்தனார், சித்தாள், தச்சர், வர்ணம் பூசுபவர் எனப் பலர் சனிக்கிழமைதோறும் கைநீட்டி நிற்கின்றனர். சிமெண்டுக் கடைக்காரர் வேறு தவணை கேட்கிறார். வீடோ ஆறு மாதத்திலும் விலைபோகலாம், இரண்டாண்டு கழித்தும் போகலாம். அதுகாறும் அச்சுவர்களுக்குள் முடங்கிக் கிடக்கும் முதலில் ஒரு பகுதி மேஸ்திரியுடையதன்றோ? அவர் மனைவியின் நகையை அடகு வைத்து ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறார். அதற்கு வட்டியும் கட்டுகிறார். வட்டியின் நிழலும் தம்மீது பட்டதில்லை என்று பெருமை பேசும் நம் முதலாளி, தம் தொழிலுக்கான வட்டியை இன்னொருவர் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்துக் கட்டச் செய்கிறார். இதற்குப் பெயர் பேணுதலா?

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் நபிமொழியை எடுத்தோதாத மேடை நம்மிடையே இல்லை. அது மண்வெட்டி பிடித்தவனுக்கு மட்டுமே உரியது, ஒப்பந்தக்காரருக்கு உரியதன்று என்று சிலர் கருதிக்கொண்டனர் போலும். கொடுக்க வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதில் மேஸ்திரிக்கு மட்டும் விதிவிலக்கு ஏதும் காணப்படவில்லை.

ஃபிக்ஹு நூல்கள் இவ்விடத்தில் மிகத் தெளிவாகப் பேசுகின்றன. கூலிக்கு வேலை செய்வது இஜாரா. அதில் வேலையும் கூலியும் முன்கூட்டியே அறியப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைத்து, இலாபத்தைப் பங்கிடுவது முளாரபா. ஷாஃபிஈ நூல்களில் இது கிராள் எனப்படும். நம் முதலாளிகள் செய்வது இரண்டுமன்று. விலை ஏறினால், “உமக்குப் பேசியது கூலிதானே, இலாபத்தில் உமக்கென்ன வேலை?” என்கின்றனர். விலை விழுந்தால், “எனக்கே நஷ்டம், நீரும் கொஞ்சம் விட்டுக்கொடும்” என்கின்றனர். இலாபத்தில் இஜாரா, நஷ்டத்தில் முளாரபா! இப்படியொரு பாடத்தை நான் ஓதிய எந்தக் கிதாபிலும் கண்டதில்லை. மெய்யான முளாரபாவிலும் முதலின் நஷ்டம் முதல் போட்டவரையே சாரும். உழைத்தவருக்கு அவர் உழைப்பு வீணாவதே நஷ்டம்.

சரி, தொடக்கத்திலேயே பங்கு பேசிக்கொள்ளலாமே எனில், அதிலும் கவனம் வேண்டும். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி அவர்கள், கோதுமை வாங்கி அரைத்து ரொட்டி சுட்டு விற்கும்படி கிராள் பேசினால் அது செல்லாது என்று ‘மின்ஹாஜ்’ நூலில் எழுதியுள்ளார்கள். கிராள் வாணிபத்துக்கு உரியது, கைத்தொழிலுக்கு உரியதன்று என்பதே காரணம். சுவர் பூசுவதும் நிலை மாற்றுவதும் கைத்தொழிலே அல்லவா? அவ்வாறு செல்லாமற்போன கிராளில் உழைத்தவருக்கு, அவ்வேலைக்கு ஊர் வழக்கிலுள்ள நியாயமான கூலி கொடுக்கப்பட்டாக வேண்டும். இலாபம் வரவில்லை என்பது அதற்குத் தடையாகாது. ஹனஃபீ மத்ஹபில் இதற்கு இடம் அகலமானது. ஆயினும் வேலை முடிந்தபின் கூலியைப் பங்காக மாற்றிக்கொள்ள அங்கும் வழியில்லை.

“நமக்குள் எழுத்து எதற்கு? நம்பிக்கைதானே பெரிது?” என்று கேட்போர் உண்டு. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது தவணைக் கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்பதும், கைக்குக் கை முடிந்துவிடும் வியாபாரத்துக்கு மட்டுமே விலக்கு என்பதும் அதிலேயே உள்ளன. பழைய வீட்டு வேலை கைக்குக் கை முடிவதா? காரையைத் தட்டிய பிறகன்றோ செல்லரித்த உத்திரம் தெரிகிறது! இந்த மேல்வேலையை யார் அளப்பது, எந்த விலைக்கு அளப்பது என்று எழுதாதவர்கள் பின்னர் ஜமாஅத்தில் வந்து சத்தியம் செய்கின்றனர். நாட்டுச் சட்டத்தை நம்பியிருப்பதும் வீண். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. ஆனால் அதை மெய்ப்பிப்பது யார்? 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டமோ 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் நடக்கும் பணியைப் பதிவு செய்யுமாறு கேட்பதில்லை. நம் தெரு வீடுகள் பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்குபவையே.

ஒப்பந்தக்காரர்களை நான் வெள்ளையடித்துக் காட்டவில்லை. மூன்று வீட்டுக்கு முன்பணம் வாங்கி, இவ்வீட்டுப் பணத்தில் அவ்வீட்டுச் சுவரை எழுப்பி, எதையும் முடிக்காமல் தலைமறைவாகும் பேர்வழிகளும் இருக்கின்றனர். ஆனால் வயிறெரிந்த மேஸ்திரி தம் நஷ்டத்தை எங்கே ஈடுகட்டுகிறார் என்று பாருங்கள்: சுவரில்! கடலோரத்துப் பழஞ்சுவர் சுண்ணாம்புக் காரையால் ஆனது. அது ஓதத்தை வெளியே விட்டு உலரும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். அப்படிப் பூசி, பட்டி பார்த்து, பளபளக்கும் வர்ணமும் அடித்துவிட்டால் மூன்று மாதம் கண்ணைப் பறிக்கும். முதல் அடைமழையில் உப்புப் பூத்து உதிரும். முதலாளிக்கும் இது தெரியும். செலவு குறைகிறதென்று வாய்மூடி இருக்கிறார். வளைகுடாவில் பத்தாண்டு பாடுபட்டு அவ்வீட்டை வாங்கிய குடும்பத்துக்கு மட்டுமே தெரியாது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தை வெளியே எடுத்துக் காட்டி வணிகரைக் கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இந்தச் சுவரில் கை வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

இடிப்பு முடிந்ததும் ஒரு தவணை, கூரை முடிந்ததும் ஒன்று, பூச்சு உலர்ந்ததும் ஒன்று என்று எழுதுங்கள். பழுது பார்ப்பதற்கென ஒரு சிறு தொகையை நிறுத்தி வைப்பதானால் அதற்கும் ஒரு தேதி குறியுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒரு நாள் போதும். வீடு விற்றதா, விற்கவில்லையா என்ற பேச்சு அந்தத் தாளில் எங்குமே வர வேண்டியதில்லை.