தூளும் இலையும்



சென்ற கோடையில் குன்னூர் சென்று திரும்பிய பங்குக் குடும்பமொன்று நமக்கு ஒரு சிறு பொட்டலத்தை அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றது. உள்ளே இருந்தது தேயிலை. அன்றாடம் நாம் காணும் கருமணல் போன்ற தூளன்று. முறுக்கிச் சுருட்டிய கம்பி போன்ற நீண்ட இலைகள். பங்கு இல்லத்துச் சமையற்காரர் வழக்கம்போல் பாலும் தண்ணீரும் கலந்து கொதிக்கும் பாத்திரத்தில் அதனை இரண்டு கரண்டி அள்ளிப் போட்டார். எதிர்பார்த்த நிறம் ஏறவில்லை. மேலும் இரண்டு கரண்டி போட்டார். இஞ்சியையும் தட்டிப் போட்டார். பத்து நிமிடம் கொதித்தபின் நம் முன் வந்த பானத்தில் நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசப்பு மட்டும் நாவில் ஒட்டிக்கொண்டது. “பழைய இலைங்க சாமி, நல்லா ஏமாத்திட்டாங்க” என்று அவர் தீர்ப்பு வழங்கினார். நாமும் நம்பினோம். பொட்டலம் அலமாரிக்குள் போயிற்று.

குற்றம் இலையினுடையதன்று என்பது சில வாரங்கள் கழித்தே தெரிந்தது. பொட்டலத்தின் பின்புறத்தில் நான்கு வரிகள் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைப் படிக்க வேண்டும் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை. தேநீர் போடத் தெரியாதவர் உலகில் உண்டோ என்ற எண்ணம்தான்!

நம் இல்லங்களில் தேநீர் என்றால் கொதிக்க வைப்பதுதான். இலைத் தேயிலையையோ கொதிக்க வைக்கலாகாது. ஊற வைக்க வேண்டும். இவ்வளவே வேறுபாடு. ஆனால் இதற்குள் ஒரு நூறாண்டு வரலாறும் அடங்கியிருக்கின்றது.

கருந்தேயிலை, பச்சைத் தேயிலை, வெண்தேயிலை யாவும் ஒரே செடியின் இலைகளே. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, சிறிது நேரம் காற்றுப்பட வைத்து, பின்னர் சூடேற்றி உலர்த்தினால் அது கருந்தேயிலை. நறுக்கி வைத்த வாழைக்காய் சற்று நேரத்தில் கறுத்துப் போவதை இல்லத்தரசியர் அறிவர். உருட்டப்பட்ட கொழுந்தில் நிகழ்வதும் அதே மாற்றம்தான். பறித்த உடனேயே சூடேற்றி அம்மாற்றத்தைத் தடுத்துவிட்டால் அது பச்சைத் தேயிலை. பாதி வழியில் நிறுத்தினால் சீனர் விரும்பும் ஊலாங். வெண்தேயிலைக்கோ இளமொட்டுகளைப் பறித்து வாட்டி உலர்த்துவதோடு சரி, உருட்டுவதில்லை.

1930-களில் அசாமில் ஓர் இயந்திரம் வந்தது. பற்கள் கொண்ட உருளைகளுக்கிடையே கொழுந்தைச் செலுத்தி நசுக்கி, கிழித்து, சிறு மணிகளாகச் சுருட்டித் தள்ளும் இயந்திரம். அதில் வரும் தேயிலை விரைவில் சாயம் இறக்கும். பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுத்து நிற்கும். ஒரு கிலோவில் மிகுதியான கோப்பைகள் கிடைக்கும். எளியவரின் இல்லங்களுக்குள் தேநீர் நுழைந்ததற்கு இம்முறை பெரிதும் துணை செய்தது. ஆகவே தூள் என்றால் கழிவு என்று இகழ்வது தவறு. தூள் என்பது சல்லடையில் இறங்கும் மிகச் சிறிய அளவுக்குப் பெயர், அவ்வளவே. அதிகாலைப் பூசை முடிந்து வந்ததும் இஞ்சி தட்டிப் போட்ட பால் தேநீர் இல்லையேல் நமக்கே பொழுது விடிவதில்லை. அதனைக் கைவிடுமாறு யாருக்கும் கூற மாட்டோம்.

இலைத் தேநீருக்கு வருவோம். முதலில் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்டால் மேலே ஒரு மெல்லிய ஆடை படரும், நிறம் மங்கும், மணம் எழாது. மழைநீர் சேமித்து வைத்திருப்போர் பேறு பெற்றோர். மற்றவர் குடிப்பதற்கு வாங்கும் நீரையே பயன்படுத்தலாம். மலையில் குடித்த சுவை ஊரில் வரவில்லை என்று குறைப்படுவோருக்கு நீரின் வேறுபாடு ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். நம் சமவெளியில் 100 பாகை.

அளவு 100 மில்லி நீருக்கு 2 கிராம். தேயிலைச் சுவைஞர்களுக்கென 1980-இல் வெளியிடப்பட்ட உலகத் தர நெறியும் இதே அளவைத்தான் கூறுகின்றது. ஆனால் அவர்கள் ஆறு நிமிடம் ஊற வைப்பர். தேநீரின் குறைகள் அனைத்தும் வெளிப்பட வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். வீட்டில் குடிக்க மூன்று, நான்கு நிமிடம் போதும். சுருள் இலை இடத்தை அடைக்கும். ஆதலால் தூளை அளக்கும் சிறு கரண்டியால் அளந்தால் அளவு குறையும். ஒரு முறை எடை போட்டுப் பார்த்துக் கரண்டியைத் தெரிந்து வைத்துக்கொள்வது நன்று. 100 கிராம் பொட்டலத்தில் 50 சிறு கோப்பைகள் கிடைக்கும் என்று கணக்கிட்டால், விலையைக் கண்டு மலைத்தவரும் சற்று ஆறுதல் அடைவர்.

பச்சைத் தேயிலையில் கொதிநீரை ஊற்றுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. அதற்கு 75 முதல் 80 பாகை வெப்பமே ஏற்றது. வெப்பமானி தேவையில்லை. கொதித்த நீரை இரண்டு மூன்று முறை பாத்திரம் மாற்றி ஆற்றினால் போதும். ஆற்றுவதற்கு நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை! இரண்டு நிமிடத்தில் வடித்துவிட்டு, அதே இலையில் மீண்டும் ஒருமுறை நீரூற்றலாம்.

இத்தனையும் அறிந்துகொண்ட பின்னர் ஒரு ஞாயிறு மாலை நான்கு குடும்பங்களை அழைத்து, நான்கு வகைத் தேயிலையையும் பாலும் சர்க்கரையுமின்றி ஊற வைத்து வரிசையாக வைத்தோம். டார்ஜிலிங் மலையில் மார்ச், ஏப்ரலில் பறிக்கும் முதற்கொழுந்து வெளிர்பொன் நிறம், பூ வாசம். அதனைத் ‘தண்ணீர்’ என்று ஒருவர் ஒதுக்கிவிட்டார். நீலகிரித் தேநீர் செம்பொன் நிறமாய்த் தெளிந்திருந்தது. நாவைச் சுருக்காமல் மணத்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் நாள்களில் பறித்த கொழுந்துக்கு மணம் மிகுதி என்பர். நம்மிடம் இருந்தது அதுவன்று. இலங்கையின் ஊவா மலைத் தேயிலையோ செவ்விய நிறமும் மிடுக்கும் கொண்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றே அங்கே தனி மணத்தை உண்டாக்குகின்றது. பச்சைத் தேநீரைக் குடித்த சிறுவன் ஒருவன் “கீரைத் தண்ணி” என்றான். அவன் கூறியது சரியே.

பொட்டலத்தின் மேல் ‘ஆரஞ்சு பீக்கோ’ என்று கண்ட ஓர் அன்பர் ஆரஞ்சுச் சுவையைத் தேடி இரண்டு கோப்பை குடித்தார். அது இலையின் அளவையும் தரத்தையும் குறிக்கும் வணிகப் பெயர். பழத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சுவைஞர்கள் ஓசையெழ உறிஞ்சிக் குடிப்பர் என்றும், காற்றோடு கலந்து சென்றால்தான் மணம் மூக்கை எட்டும் என்றும் கூறினோம். அதன்பின் சிறுவர்களை அடக்க முடியவில்லை.

அன்று நாம் வியந்தது ஒன்றே. தேநீரின் உயிர் துவர்ப்பு. ஆங்கிலேயர் அதனை விளக்கப் பல சொற்களைத் தேடுகின்றனர். நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. நெல்லிக்காயிலும் வாழைப்பூவிலும் பாக்கிலும் நாள்தோறும் சுவைப்பது. துவர்ப்பு வேறு, கசப்பு வேறு என்று நம் பாட்டியர் நன்கறிவர். நன்றாக ஊறிய தேநீர் இளநெல்லி போல் துவர்த்து, நீங்கிய பின்னர் வாயில் ஓர் இனிமையை விட்டுச் செல்லும். கொதித்துக் கெட்டதோ கசப்பில் முடியும். (அத்துவர்ப்புப் பொருளே உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுப்பதால், சோகையுள்ள பெண்கள் உணவோடு தேநீர் அருந்தாமல் ஒரு மணி நேரம் தள்ளி அருந்துவது நலம்.)

இங்கே நம் பங்கிலுள்ள மூதாட்டி ஒருவரைப் பற்றிக் கூறியாக வேண்டும். அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத்துக்கெனத் தேயிலை பயிரிடத் தொடங்கிய நாளிலிருந்து கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்களின் கைகள். அவர்களைக் குடியுரிமை அற்றவராக்கியது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். 1964-இல் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. நம் மூதாட்டியின் அண்ணன் அங்கே நின்றார். தங்கை தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென்று தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலை பயிரிட்டு வந்த காலம் அது. அவரும் மலையேறி, மீண்டும் கூடையை முதுகில் மாட்டினார். இப்போது மகள் வீட்டில் இருக்கின்றார்.

பேரனுடைய திருமுழுக்குச் சான்றிதழுக்காக அவர் வந்தபோது, குன்னூர்ப் பொட்டலத்தின் இலையில் போட்டுக் கொடுத்தோம். கோப்பையை அவர் தொடவில்லை. வடிகட்டியில் கிடந்த ஈர இலையில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கட்டை விரலால் மெல்ல நீவி விரித்தார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரிந்தன.

“இது கையால எடுத்த கொழுந்து சாமி. கத்தரி போட்டதில்ல.”

பிறகு கோப்பையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். இரவில் ஆலை ஓடும்போது லயம் முழுவதும் இதே வாசம் வரும் என்றார். “வாசம் தெரியும் சாமி. குடிச்சதில்ல. எங்களுக்கு மாசாமாசம் தூளுதான் குடுப்பாங்க.”

நாற்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவுக்குப் பச்சைக் கொழுந்து வேண்டும். நம் கோப்பையில் இருந்த 2 கிராமுக்கு 9 கிராம். அவர் கையால் எத்தனை ஆயிரம் கிலோ கடந்து போயிருக்கும் என்று நாம் மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு வாய் குடித்தார். புகழ்வார் என்று எதிர்பார்த்தோம். “சாயம் பத்தல” என்றார். பின்னர், கருப்பட்டி இருக்கிறதா என்று கேட்டார். சமையற்காரர் கொண்டு வந்த துண்டைக் கடித்து வாயில் அடக்கிக்கொண்டு, அதன் மேல் தேநீரை உறிஞ்சிக் குடித்தார். அவர்கள் ஊரில் ‘பிளேன் டீ’யை இவ்வாறு வெல்லமோ சர்க்கரையோ கடித்துக்கொண்டுதான் குடிப்பார்களாம். நாமும் குடித்துப் பார்த்தோம். கோப்பையில் சர்க்கரை கலந்தால் மங்கிவிடும் மணம் இதில் மங்கவில்லை. எந்தச் சுவைஞரின் நெறியிலும் இது இல்லை. ஆயினும் வாசகர்கள் செய்து பார்க்கலாம்.

எழுந்து செல்லும்போது பொட்டலத்தைக் கையிலெடுத்துப் பார்த்து, “இது என்ன விலை சாமி?” என்றார். சற்றுத் தயங்கி உண்மையைக் கூறினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பொட்டலத்தின் வாயை மூன்று முறை மடித்து, நகத்தால் அழுத்தி, மேசை மேலிருந்த நூலையெடுத்து இறுகக் கட்டினார். பிறகு அதனைத் திரும்பவும் முகர்ந்தார்.

“சாம்பிராணி வாசம் அடிக்குது. எங்க வச்சிருந்தீங்க? வேற அலமாரியில வைங்க சாமி. தேயிலை எல்லா வாசத்தையும் இழுத்துக்கும்.”